பச்சைக் கோடு

கையடக்கமான பெட்டி. திறந்தால் தாயக்கட்டையும் இல்லை, காய்களும் இல்லை. நிறம் நிறமாகப் பேனைகளும் சின்னத் தாள்கட்டும் இருக்கும். ஜப்பானின் ஒயிங்க் கேம்ஸ் வெளியிட்ட, ஜுன் சசாகி வடிவமைத்த 'எ ஃபேக் ஆர்ட்டிஸ்ட் கோஸ் டு நியூயோர்க்'. 5 முதல் 10 பேர் விளையாடலாம். ஒருவர் ஒரு சொல்லை எழுதி இரகசியமாகக் கொடுப்பார். ஒராளுக்கு மட்டும் எக்ஸ். அவர்தான் போலி ஓவியர். சொல் எந்த வகை என்பது மட்டும் அவருக்குத் தெரியும். ஒரே தாளில் ஆளுக்கொரு கோடாக இரண்டு சுற்றுக் கீறி, பிறகு போலியைக் கைகாட்ட வேண்டும். ஆளுக்கொரு நிறம் என்பதால் எந்தக் கோடு யாருடையது என்று மறைக்க ஏலாது.

போன கிழமை எனக்கு எக்ஸ். வகை, மிருகம். என்ர பேனை பச்சை. முதல் ஆள் நெட்டுக்கு ஒரு கோடு போட, நான் அதோடு ஒட்டி ஒரு வளைவு விட்டன். முதுகோ வயிறோ, எனக்கே தெரியாது.

அடுத்தது ஊதாப் பேனைச் சிநேகிதி. நெடுங்கோட்டின் உச்சியில் நுளம்புக்கால் அளவில் ஒன்று கீறினாள். ரெண்டாம் சுற்றிலும் அப்படித்தான்.

"என்னடி, ஒண்டும் தெரியாமலா கீறுறாய்?" என்று ஒருத்தன் சிரிச்சான். எல்லாருடைய விரலும் அவள் பக்கம். என்ர விரலும்.

"அது கொம்பு," என்றாள். "வடிவாக் கீறினா போலிக்கு விளங்கிடுமெண்டுதான்..."

சொல், ஒட்டகச்சிவிங்கி.

விதிப்படி வென்றது நானும் சொல் எழுதினவரும். விளையாட்டுத்தானே என்று சொல்லலாம், சொன்னேன்தான். அடுத்த ஆட்டத்துக்கு அவள் வரேல்லை. ஊதாப் பேனையின் மூடியைக் கழட்டுறதும் பூட்டுறதுமா இருந்தாள். நான் இன்னும் அவளிட்ட மன்னிப்புக் கேக்கேல்லை.