சாங்கியில் ஒரு கண்ணாடித் தோப்பு

விமான நிலையம் என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு காட்சிகள்தாம் நினைவுக்கு வரும். ஒன்று வழியனுப்பும் கண்ணீர். மற்றொன்று வரவேற்கும் மாலை. அங்கே கடைகள் இருப்பதும் தெரியும், அவற்றின் விலை நமக்கு எட்டாது என்பதும் தெரியும். ஆனால், விமானம் ஏறாதவர்களும் பார்ப்பதற்கென்றே தேடிப்போகும் விமான நிலையக் கட்டடம் ஒன்று நம் ஜொகூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூர்ச் சாங்கியில் உள்ள ‘ஜுவல்’தான் அது.

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பேருந்து ஒன்றை வாடகைக்கு எடுத்தது. பால்வெட்டுக் குடும்பங்களும் செம்பனைக் குடும்பங்களுமாகப் பாலத்தைக் கடந்து போய் வந்தோம். கண்டதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

வடை வடிவில் ஒரு கூரை

முதலாம் முனையத்தின் எதிரே கார்கள் நிறுத்தும் திடலாக இருந்த இடம் அது. 2014-இல் வேலையைத் தொடங்கி, 170 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவில் கட்டி முடித்து, 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. மூன்று கோபுரங்களின் தலையில் கப்பலை ஏற்றி வைத்தாற்போல் நிற்கிறதே மெரினா பே சேண்ட்ஸ், அதுவும் அவர் வரைந்ததே.

வெளியிலிருந்து பார்த்தால், பெரியதோர் உளுந்து வடையைக் கண்ணாடியில் வார்த்தாற்போல் தோன்றுகிறது. 9,000-க்கும் மேற்பட்ட கண்ணாடிப் பலகைகளை எஃகுச் சட்டங்களில் பொருத்தியிருக்கிறார்கள். மரங்களைப்போல் கிளை விரித்து நிற்கும் 14 தூண்கள் ஓரத்தில் அந்தக் கூரையைத் தாங்குகின்றன. கூரை உட்புறமாகச் சரிந்து ஒரு துளையில் முடிகிறது. அந்தத் துளை வழியே அருவி கொட்டுகிறது! உயரம் 40 மீட்டர். கட்டடத்துக்குள் அமைந்த அருவிகளில் உலகிலேயே உயரமானது இதுதான். கூரையில் விழும் மழைநீரைச் சேர்த்து அருவிக்கும் செடிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

துளை நட்டநடுவில் இல்லை, சற்றே ஒதுங்கியிருக்கிறது. முனையங்களை இணைக்கும் சிறு ரயிலின் பாதை நடுவில் குறுக்கிட்டதே காரணம். தடையாக வந்த அந்த ரயிலும் இப்போது காட்சியாகிவிட்டது. அருவியை ஒட்டி அது ஓடும்போது பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.

நம் ஊர் வெயிலில் கண்ணாடி வீடு கட்டினால் உள்ளே இருப்பவர் வெந்துவிட மாட்டாரா? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். கண்ணாடி இரட்டை அடுக்கு, இடையே காற்று. வெளிச்சம் வரும், வெப்பமும் விமான இரைச்சலும் குறையும். குளிர்ந்த காற்றை மனிதர் நடமாடும் தரை மட்டத்தில் விடுகிறார்கள். உச்சிவரை குளிரூட்டிப் பணத்தை வீணாக்குவதில்லை.

கடைக்காரரின் கணக்கு

தீர்வையில்லா விமான நிலையக் கடை முதன்முதலில் 1947-இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் தோன்றியது. அன்று முதல் பயணி நடக்கும் வழியில் வரிசையாகக் கடை போடுவதே வழக்கமாயிற்று. ஜுவல் அதைத் திருப்பிப் போட்டது. நடுவில் தோட்டம், அதைச் சுற்றி மாடி மாடியாக 280 கடைகள். உயர்ந்த விலைக் கைப்பைகளும் உண்டு. சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு.

இதில் கணக்கு இல்லாமல் இல்லை. விமானங்கள் தரும் வருமானம் மட்டும் ஒரு நிலையத்துக்குப் போதாது. கடை வாடகையும் வேண்டும். அருவியைப் பார்க்க வருபவர் பசியாறுவார்; பசியாறியவர் ஏதேனும் வாங்குவார். இலவசக் காட்சிதான் கடைகளுக்கு ஆள் சேர்க்கிறது. இதை அறிந்துகொண்டு போனால் நம் கைக்காசு நம் கையில் இருக்கும்.

நம் நாட்டிலும் இத்தகைய எண்ணம் முன்னரே உருவானதுண்டு. செம்பனை விளைந்த சிப்பாங் மண்ணில் 1998-இல் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா அதன் துணை முனையத்தின் நடுவில் ஒரு துண்டுக் காட்டையே வைத்தார், சுற்றிலும் கடைகள். ஆனால், குடிநுழைவுச் சோதனையைக் கடந்து செல்லும் பயணிகளுக்கே அந்தக் காட்சி. சாங்கியிலோ தோட்டம் சோதனைக்கு வெளியே இருக்கிறது. யாரும் போகலாம், டிக்கெட் வேண்டாம்.

இந்த வேறுபாடு சிறியதன்று. வாசலில் எங்களுடன் வந்த அம்மா ஒருவர் தயங்கி நின்றுவிட்டார். முப்பது ஆண்டு பால் மரம் சீவியவர். “வாத்தியாரே, இது பணக்காரங்க எடம் மாதிரி இருக்கே. நம்மள உள்ள விடுவாங்களா?” என்றார். “இது எல்லாருக்கும் திறந்த வாசல்தாம்மா, வாங்க” என்றேன்.

உள்ளே போனபின் அவர் கைப்பைக் கடைகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. செடிகளையே பார்த்தார். இங்கே 2,000-க்கும் மேற்பட்ட மரங்களும் ஒரு லட்சம் சிறு செடிகளும் உண்டு. பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து எனப் பல நாடுகளிலிருந்து வந்த மரங்களை முதலில் நாற்றுப் பண்ணையில் வைத்துப் பழக்கி, பிறகே இங்கே நட்டார்கள். இதைச் சொன்னதும், “ஆமா, எடம் மாறுன மரம் உடனே வேர் புடிக்காது. இத்தனைக்கும் யாரு ஒரம் வைக்கிறா?” என்று கேட்டார் அந்த அம்மா. மேல்தட்டில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த தோட்டக்காரர்களைக் காட்டினேன். எங்கள் கூட்டத்தில் வேறு யாரும் அதுவரை அவர்களைக் கவனிக்கவில்லை. மரத்தோடு வாழ்ந்த கண்ணுக்குத்தான் அந்த உழைப்பு தெரியும்.

போக விரும்புவோருக்குச் சில வார்த்தைகள்: கடப்பிதழை மறவாதீர்கள். மாலையில் போனால் பகலொளியில் தோட்டத்தையும், இருட்டியபின் அருவியின்மீது விழும் வண்ண ஒளிக் காட்சியையும் சேர்த்துப் பார்க்கலாம். மேல்மாடிப் பூங்காவுக்குக் கட்டணம் உண்டு. அருவிக்கும் அதைச் சுற்றிய சோலைக்கும் இல்லை.

முக்கியமாகப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பெரிய வாசலைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் பழக்கம் நம்மோடு முடியட்டும். கூரை எப்படி நிற்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் கேட்கட்டும். அப்படிக் கேட்கும் பிள்ளைகளில் ஒன்று நாளை இதுபோன்ற கட்டடத்தை வரையவும் கூடும்.