கவைக்கோல் என்கிற இரண்டாவது ஆள்

எங்க காங்கேயம் பக்கம் ஆடிக் காத்து எப்படி அடிக்கும்னு இங்க வந்து நின்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து, வைகாசிக் கடைசியில பிடிச்சா ஆவணி வரைக்கும் விடாது. அந்தக் காத்துலதான் நாங்க காட்டுல ஆட்டுப்பட்டி போடுவோம். புரட்டாசி மழைக்குள்ள நிலத்துக்கு உரம் சேரணுமே.

பட்டின்னா என்னன்னு கேக்கற நகரத்து நண்பர்களுக்குச் சொல்றேன். பகல்ல கொறங்காட்டுல மேயற ஆடுகளை ராத்திரி உழவுக்காட்டுல அடைச்சு வெக்கிறது. ஆறடி நீளப் படல் இருபதை நாலு பக்கமும் நட்டா, முப்பதுக்கு முப்பது அடி, ரெண்டு சென்ட் வரும். எங்கிட்ட முப்பத்திரண்டு ஆடு. ரெண்டு ராத்திரி அடைச்சா அந்த இடம் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்துரும். அப்புறம் பட்டியைப் பக்கத்துல மாத்தணும். ஒரு பக்கத்துப் படலை அப்படியே விட்டுட்டு மத்த மூணு பக்கத்தையும் பிடுங்கி அந்தப் பக்கம் நட்டாப் போதும். இருபது படலுக்குப் பதில் பதினஞ்சு தூக்கினா வேலை முடிஞ்சுது.

படல் ஒருத்தன் தூக்கலாம். சிக்கல் காவலுக்குப் படுக்கற குடிசையிலதான். எங்க அப்பன் காலத்துல பனையோலை வேய்ஞ்ச குடிசை, நாலு பேர் தூக்கி வெப்பாங்க. இப்ப நாலு பேருக்கு எங்க போறது? அதனால வெல்டிங் பட்டறையில சொல்லி ஒரு மடக்குக் குடிசை செஞ்சு வெச்சிருக்கேன். இரும்புக் கட்டில் சட்டம், அடியில ரெண்டு பழைய ஸ்கூட்டர் சக்கரம், நாலு மூலையிலயும் குழாய்க்குள்ள குழாய், மேல தகரக் கூரை, சுத்தித் தார்ப்பாய். மடக்கினாக் கூரை கட்டில் மேல வந்து உக்காந்துக்கும். டிவிஎஸ் எக்ஸெல் பின்னால கட்டி இழுத்துட்டுப் போயிரலாம். நிறுத்தின இடத்துல கூரையைத் தூக்கி, குழாய் ஓட்டையில கடையாணி மாதிரி ஒரு கம்பியைச் சொருகணும். தலைமாட்டுல ஒருத்தர், கால்மாட்டுல ஒருத்தர். எனக்கு எப்பவும் எங்க வீட்டுக்காரிதான் அந்த இன்னொருத்தர்.

போன வருசம் அவ ஊர்ல இல்லாத ஒரு ராத்திரி, தூறல் வேற, தனியா யாரு இதைத் தூக்கறதுன்னு குடிசையை மடக்கினபடியே விட்டுட்டு வீட்டுல போய்ப் படுத்துட்டேன். விடியக்காலம் போய்ப் பாத்தா தெருநாய்ங்க படலைத் தள்ளிட்டு உள்ள புகுந்திருக்கு. நாலு ஆடு. அதுல ஒண்ணு சினை. அந்தக் காட்சியை எழுத எனக்கு மனசு இல்லை. சோம்பல்ல போன உயிருங்கன்னு மட்டும் சொல்லிக்கறேன்.

இந்த ஆடியில மகளுக்கு ரெண்டாவது பிரசவம். வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில. பெரிய பேரன், ஒம்பது வயசு, எங்கிட்ட. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டி மாத்தி முடிக்கவே இருட்டிருச்சு. குடிசை மடங்கிக் கிடக்குது. பக்கத்துக் காட்டுக்காரரும் ஊர்ல இல்லை. பேரனைப் பாத்தேன். "நான் தூக்கறேன் அப்புச்சி"ன்னான்.

மொதல் தப்பு, கூரையைத் தலைமாட்டுப் பக்கம் ஒரே மூச்சுல மேல தூக்கினது. ஒரு பக்கம் மட்டும் ஏறினாக் குழாய் சாஞ்சு இறுகிக்கும், மேலயும் போகாது, கீழயும் வராது. ரெண்டாவது தப்பு, காத்துக்கு எதுக்கால நிறுத்தினது. தகரத்துக்கு அடியில காத்துப் புகுந்து பாய்மரம் மாதிரி இழுக்குது. மூணாவது தப்புத்தான் பெருசு. ஓட்டை நேரா வந்துருச்சான்னு பேரன் விரலை விட்டுப் பாத்திருக்கான். அவன் விரலை எடுத்ததும் எங்கை வழுக்கி, கூரை அரை அடி சடார்னு இறங்குச்சு. ஒரு நொடி முந்தியிருந்தா அந்தப் பிஞ்சு விரல் இருந்திருக்காது. எனக்கு உடம்பு வேர்த்துப் போச்சு. அவனுக்கு என்ன நடந்ததுன்னே தெரியலை.

வரப்புல உக்காந்து சொம்புத் தண்ணியைக் குடிச்சேன். வீட்டுக்குப் போயிரலாமான்னு ஒரு யோசனை. அந்த நாலு ஆடு கண்ணுக்குள்ள வந்துச்சு. பேரனைத் தள்ளி நிக்க வெச்சேன். "கண்ணு, நீ எதையும் தொடக் கூடாது. டார்ச்சு அடிச்சு ஓட்டை நேரா வந்தாச் சொல்லு, அது போதும்"னேன்.

முதல்ல குடிசையைத் திருப்பி முதுகை மேக்கால வெச்சேன். சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கல் கொடுத்தேன். வேலியோரம் கிடந்த வேலாங்கவை ஒண்ணை ஆளுயரத்துக்கு வெட்டினேன். கவையைக் கூரைச் சட்டத்துக்கு அடியில கொடுத்து, கோலைச் சாய்ச்சு வெச்சு, அடியைக் காலால கொஞ்சங் கொஞ்சமா உள்ள தள்ளினேன். கோல் நிமிர நிமிரக் கூரை தானா ஏறுது. பாரம் கோல் மேல, என் ரெண்டு கையும் சும்மா. "வந்துருச்சு அப்புச்சி"ன்னதும் ரெண்டு பக்கமும் கம்பியைச் சொருகினேன். ஒரு ஓட்டைக்கு மேல ஏத்தலை. உடனே கால்மாட்டுக்குப் போய் அங்க ஒரு ஓட்டை. மறுபடி தலைமாடு. இப்படி மாத்தி மாத்தி ஏத்தினதுல குழாய் ஒரு தடவைகூட இறுகலை. ரெண்டு பேர் பத்து நிமிசத்துல செய்யறது, எனக்கு முக்கா மணி நேரம் ஆச்சு. கடைசியில நாலு மூலைக்கும் முளைக்குச்சி அடிச்சுக் கயித்துல இழுத்துக் கட்டினேன். நாலு கம்பியையும் கையால ஆட்டிப் பாத்த பொறகுதான் பேரனை உள்ள விட்டேன்.

நடுச்சாமத்துக்கு மேல கிளுவை வேலியோரம் குரைப்புச் சத்தம். டார்ச்சு அடிச்சு ஒரு அதட்டு அதட்டினேன். அஞ்சாறு கண்ணு மின்னி அணைஞ்சுது. காலையில எண்ணிப் பாத்தேன், முப்பத்திரண்டும் இருந்துச்சு.

ஏழு மணிக்குப் போன் வந்துச்சு. பேத்தி பொறந்திருக்கா. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. அதைச் சொல்லி முடிச்சு அவ கேட்ட மொதக் கேள்வி, "ஏனுங்க, ராத்திரி குடிசையை யார் தூக்கினாங்க?" பேரன் போனைப் பிடுங்கி, "நானும் அப்புச்சியும் ஒரு குச்சியும்"னு முழுக் கதையும் சொல்லிட்டான், விரல் கதையைத் தவிர. அதை நான்தான் அப்புறம் சொன்னேன், திட்டும் வாங்கினேன்.

திட்டி முடிச்சுட்டு ஒண்ணு கேட்டா. "ஒரு குச்சி செய்யற வேலைக்கா இத்தனை வருசம் என்னைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

அதுக்கு இன்னும் பதில் சொல்லலை. கவைக்கோல் மட்டும் குடிசைச் சட்டத்துலயே கட்டி வெச்சிருக்கேன்.