குழாயின் பூர்வோத்தரம்

வவுனியாவில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் மருமகன், தன் குளியலறை எவ்வண்ணம் அமையவேண்டும் என்று காட்டுவதற்காகக் கைத்தொலைபேசியை என் முன் நீட்டியபோது, பூச்சுக் காணாத சாம்பல்நிறச் சுவரையும், அதன்மேல் மறைவின்றி ஓடும் இரும்புக் குழாய்களையும், கம்பிக்கூட்டுக்குள் எரியும் விளக்கையும், கறுப்பு ஷவரையும் கண்டு, வேலை முடியாத இடத்தை ஏன் காட்டுகிறாய் என்று கேட்கவே நான் வாயெடுத்தேன். "மாமா, இது இண்டஸ்ட்ரியல் ஸ்டைல். கொழும்பில இப்ப எல்லாரும் இப்பிடித்தான் கட்டுகினம்" என்றான். தொழிற்சாலைப் பாணி என்று பெயர் சூட்டிக்கொண்ட இவ்வறை எந்தத் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டது என்ற விசாரணை எனக்கு அன்றே தொடங்கிற்று. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட உருப்படியான அலுவல் வேறென்ன இருக்கப்போகிறது?

இவ்விசாரணையில் இறங்குபவன் முதலில் சென்றடையும் இடம் நியூ யோர்க். அந்நகரில், ஹியூஸ்டன் வீதிக்குத் தெற்கே சோஹோ எனப்படும் பகுதியில், சிறு தொழிற்சாலைகளும் களஞ்சியங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கிய விசாலமான மாடிகள் வெறிச்சோடிக் கிடந்த 1960-களில், வேறிடத்தில் வாடகை கொடுக்க வகையற்ற ஓவியரும் சிற்பியரும் அவற்றிற் குடியேறினர். தொழிலுக்கென ஒதுக்கிய கட்டடத்தில் மனிதர் வசிப்பது சட்டவிரோதம். ஆகையால் குளிக்கும் இடத்தை ஒரு மூலையில் தாமே ஒப்பேற்றிக்கொண்ட அவர்களிடம், குழாயைச் சுவருக்குள் புதைக்கப் பணமும் இல்லை, நாளைக்கு வெளியேற்றப்படமாட்டோம் என்ற நிச்சயமும் இல்லை. 1971-இல் சோஹோவிற் கலைஞர் வசிப்பதை மாநகரம் அனுமதித்தது. 1982-இல் இத்தகைய மாடிகளில் வசிப்போருக்கு நியூ யோர்க் மாநிலம் சட்டப் பாதுகாப்பும் வழங்கிற்று. இதற்கிடையில், வறியவர்களின் நிர்ப்பந்தம் செல்வந்தர்களின் ரசனையாக மாறி, வாடகை ஏறி, அந்த ரசனையை உண்டாக்கிய கலைஞர்களிற் பலர் வேறிடம் தேட நேர்ந்தது.

பெரும்பாலோர் இவ்விடத்தோடு திருப்தியடைந்து திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஏனெனில் வெளியே ஓடும் குழாய் சோஹோவுக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டு மூத்தது. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில், செல்வர் வீட்டு மலசலகூடமும் குளியல் தொட்டியும் அவற்றின் குழாய்களும் மகோகனிப் பலகை அடித்து மூடப்பட்டிருந்தன. 1871-இல் பட்டத்து இளவரசர் எட்வேர்ட் நெருப்புக் காய்ச்சலால் மரணத்தின் வாசல்வரை சென்று மீண்டபோது, ஸ்கார்பரோவில் அவர் விருந்தினராகத் தங்கிய மாளிகையின் கழிவுக் குழாய்களே அதற்குக் காரணம் என்று தேசமெங்கும் பேச்சு எழுந்தது. கழிவுக் குழாயிலிருந்து கசியும் நச்சுவாயுவே நோயைத் தருகிறது என்பது அக்காலத்து நம்பிக்கை. நம்பிக்கை பிழை, அதிலிருந்து பிறந்த வழக்கம் சரி. பலகைகளைக் கழற்றி எறிந்தார்கள். குழாய் கண்ணுக்குத் தெரியவேண்டும், கசிந்தால் உடனே புலப்படவேண்டும், அதன் பின்புறமும் துடைக்கத்தக்கதாய் இருக்கவேண்டும் என்பது 1880-களிலும் 1890-களிலும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் சுகாதார விதியாகவே போதிக்கப்பட்டது. இன்று இப்பாணியினர் விரும்பிப் பதிக்கும் வெள்ளை நீள்சதுர ஓடும், 1904-இல் திறக்கப்பட்ட நியூ யோர்க் சுரங்க ரயில் நிலையங்களில், அழுக்கு ஒளிய இடமின்றி இருக்கவேண்டும் என்ற அதே எண்ணத்தோடு ஒட்டப்பட்டதுதான்.

ஷவரின் பூர்வீகம் இன்னும் கடுமையானது. பிரான்ஸ் தேசத்து ரூவான் நகரச் சிறைச்சாலையில் வைத்தியராயிருந்த மெரி தெலபொஸ்ட், 1870-களில், கைதிகளைக் குறைந்த நீரில் விரைவாகக் குளிப்பாட்டும்பொருட்டு மேலிருந்து நீர் சொரியும் குழாய்களை அமைத்தார். படைமுகாம்களிலும் பின்னர் நிலக்கரிச் சுரங்கங்களிலும் அம்முறை பரவிற்று. 1926-ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டமொன்று, நிலக்கரி தோண்ட விடுவதற்காக நில உரிமையாளர் பெறும் உரிமைப் பணத்தில் ஒரு பங்கைச் சுரங்க வாயிற் குளியலறைகளுக்கென அறவிட வகைசெய்த பிறகு, கரி படிந்த உடலோடு வீட்டுக்கு வரும் கணவனுக்காக அண்டாவில் நீர் காய்ச்சிக் காத்திருக்கும் பாரம் சுரங்கத்தொழிலாளரின் மனைவியருக்குப் படிப்படியாகக் குறைந்தது. தொழிற்சாலைக் குளியலறை என்ற பெயருக்கு உரித்துடையது அதுவே.

இனி நம் பிரதேசத்துக்கு வருவோம். வன்னியில் அண்மைக்காலம் வரை குளியல் என்பது அறைக்குள் நிகழும் காரியமன்று, கிணற்றடியில் நிகழ்வது. சீமெந்துக் கட்டு, ஒரு தொட்டி, உடுப்புத் தோய்க்கும் கல், நீர் ஓடி வாழைக்குப் போகும் சிறு வாய்க்கால், பெண்களுக்காகக் கிடுகால் ஒரு மறைப்பு: இவ்வளவே அதன் அமைப்பு. 1950-இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைத் தொழிற்சாலையின் சீமெந்து இக்கிணற்றடிகள் பலவற்றுக்கு வந்து சேர்ந்தது. 1990-இல் அத்தொழிற்சாலை போரினால் மூடப்பட்டது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் வன்னிக்குள் சீமெந்து வருவதற்கே தடை இருந்தமையால், ஒரு பை சீமெந்து கையில் இருப்பது செல்வத்தின் அடையாளமாயிற்று. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம், போரின் இறுதிக் காலத்தில் தகர்க்கப்பட்ட பெரும் நீர்த்தாங்கி, பின்னர் பல ஆண்டுகள் பக்கவாட்டில் வீழ்ந்து கிடந்தது. உல்லாசப் பயணிகள் அதன்முன் நின்று படமெடுத்தார்கள். வெறும் கொங்கிறீற்றையும் துருவேறிய கம்பியையும் நாம் பார்த்த சந்தர்ப்பங்கள் அத்தகையவை. படத்திற் கண்ட சுவரை என் மனம் முதலில் ஏற்க மறுத்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆயினும் என் அபிப்பிராயத்தைத் திருத்தியவர் மருமகனின் வீட்டில் வேலை செய்யும் மேசன். பழைய வீடொன்றின் சுவரை உடைத்தபோது எடுத்த ஒரு சாண் நீளமான ஜி.ஐ. பைப்புத் துண்டை அவர் என் கையில் வைத்தார். வெளிப்புறம் முக்கால் அங்குலக் குழாய்தான்; உட்புறமோ, கிணற்று நீரின் சுண்ணாம்பு வளையம் வளையமாகப் படிந்து, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவு துவாரமே எஞ்சியிருந்தது. "ஐயா, பைப்பைச் சுவருக்குள்ள வைச்சுப் பூசினா, அடைச்சாலும் கசிஞ்சாலும் சுவரை உடைச்சுத்தான் பார்க்கவேணும். வெளியால போனா ஒரு சாவி போதும்" என்றார். இங்கிலாந்தின் சுகாதாரப் பரிசோதகர்கள் நூற்றைம்பது ஆண்டுக்கு முன் சொன்னதையே, அவர்களைப் பற்றி ஒன்றும் அறியாமல், நம் தண்ணீரின் குணத்திலிருந்து இவர் கண்டுபிடித்திருக்கிறார்.

எனவே மருமகனுக்கு என் தீர்ப்பை இவ்வாறு சொன்னேன். குழாய் வெளியே போகட்டும். ஆனால் இரும்பாக இருக்கவேண்டியதில்லை, எஸ்லோன் பைப்பே போதும். சுவரை வெறுமையாக விடுவதானால் நீர் ஊறாதபடி மேற்பூச்சு அவசியம். கறுப்பு ஷவர் வேண்டாம். கேத்தலின் அடியிற் படியும் வெண்மை அதன் முகத்திலும் படிந்து, துடைத்து மாளாது. கம்பிக்கூட்டு விளக்கு, கப்பலிலும் சுரங்கத்திலும் மோதி உடையாதிருக்கப் பிறந்தது. குளியலறையில் அதை மோதுவார் யாருமில்லை, ஆனால் ஈரம் உண்டு, ஆகவே நீர் புகாத மூடி உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும். துருவேறியதுபோல் வர்ணம் பூசிய அலங்காரத் தட்டுகளைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

இத்தேடலில் நான் எதிர்பாராமல் வந்து நின்ற இடம் என் வீட்டுக்கு மிக அருகிலேயே இருந்தது. ஆனையிறவு உப்பைக் கரைத்து, அதில் மின்சாரம் பாய்ச்சி, கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் பிரித்தெடுத்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1950-களிலிருந்து 1980-களில் போர் அதை நிறுத்தும்வரை இயங்கிற்று. கோஸ்ரிக் சோடா சவர்க்காரத்துக்கு மூலப்பொருள். குளோரின் குடிநீரைச் சுத்திகரிப்பது. இலங்கையர் குளித்த நீரிலும் தேய்த்த சவர்க்காரத்திலும் வன்னியின் உப்பு கலந்திருந்தது. கோஸ்ரிக் சோடா உடலிற் பட்டால் அந்தக் கணமே ஏராளமான நீரால் கழுவவேண்டுமாகையால், அத்தகைய ஆலையில் நீர்க்குழாய் எட்டும் தூரத்தில் இருப்பது அழகின் பொருட்டன்று, உயிரின் பொருட்டு.

அங்கே பணியாற்றியவர்கள் இன்று முதியவர்கள். பலர் புலம்பெயர்ந்து கனடாவிலும் பிரித்தானியாவிலும் வாழ்கிறார்கள். அத்தொழிற்சாலையின் உட்புறத்தையோ, அதன் தொழிலாளர் விடுதிகளையோ காட்டும் புகைப்படங்கள் உங்களில் யாரிடமேனும் இருந்தால், அவற்றைப் பிரதி செய்து நூலகம் நிறுவனத்தின் எண்ணிம ஆவணகத்துக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.