பழுதைச் சொல்லி விற்றல்

ஜவ்வாது மலையடிவாரத்தில் வாழ்ந்து மறைந்த என் மாமனாரின் வேட்டைத் துப்பாக்கி, இப்போது உரிமத்துடன் மைத்துனர் பொறுப்பில் உள்ளது. எஃகில் கொடியும் மானும் செதுக்கிய வேலைப்பாடு. ஆயினும் குழலுள் துரு, கட்டையில் பிளவு. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதற்கு வேலையுமில்லை. விற்க எண்ணிய மைத்துனர், "பிளவை மெழுகிட்டு மறைத்தால் விலை கூடுமே, மச்சான்?" என்றார். என் மனைவிக்கும் அதில் வாரிசுப் பங்குண்டு. கூடும் விலை எங்களுக்கும் ஆதாயமே.

எனினும் இசையவில்லை. விற்பவர் குறையை உரைத்தல் கடமை; மறைத்தால், வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரலாம். ஃபிக்ஹு நூலார் இவ்வுரிமையைக் 'கியாருல் ஐப்' என்பர். பிற பொருளில் மறைத்த குறை பணத்தைக் கெடுக்கும். துப்பாக்கியில் மறைத்ததோ சுடுபவரின் கண்ணையே கெடுக்கும். துருவை அழுந்தத் தேய்ப்பதும் தகாது. செதுக்குக் கோடுகள் மழுங்கிப்போகும்.

நாட்டுச் சட்டமும் உண்டு. செப்பனிட்டாலும் சுட இயலாத பழம்பொருளுக்கே 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்களிக்கிறது. இதுவோ செப்பனிட்டால் சுடும். ஆதலின் வாங்குபவர் உரிமம் உடையவராதல் வேண்டும். அவர் பெயர், முகவரியை மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்திற்கோ எழுத்தில் அறிவித்து, 45 நாள் கழிந்த பின்னரே கைமாற்றலாம்.

"பழுதைச் சொன்னால் யார் வாங்குவார்?" என்றார் மைத்துனர். பழுதறிந்து வாங்குபவரே அதனைப் பேணவும் அறிந்தவர். அத்தகையவர் தரும் விலை குறைவாயினும், அது ஹலாலான விலை.