கயிற்றின் மேல் முக்கால்

ஸ்காபரோவிலிருந்து

வன்னியில் ஆரம்ப வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பிக்கும் நண்பர்களே,

பின்னம் என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருவது நிறம் தீட்டிய வட்டம். கேக்கை நாலாக வெட்டி மூன்று துண்டை நிறம் தீட்டினால் முக்கால். சரிதான். ஆனால் அந்தப் படத்தில் மூன்றும் நாலும் தனித்தனியாகத் தெரிகின்றன. முக்கால் என்ற ஓர் எண் தெரிவதில்லை. 1978இல் அமெரிக்கத் தேசிய மதிப்பீடொன்றில் 12/13ஐயும் 7/8ஐயும் கூட்டினால் ஏறத்தாழ எவ்வளவு என்று 13 வயதினரிடம் கேட்டார்கள். இரண்டு என்றவர்கள் 24 சதவீதமே. பாதிக்கும் மேற்பட்டோர் 19 அல்லது 21 என்றார்கள். தொகுதியெண்களைக் கூட்டினால் முன்னது வரும், பகுதியெண்களைக் கூட்டினால் பின்னது. அந்நாட்டுக் கல்வித் திணைக்களம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டி, பின்னத்தை அளவையாலும் எண்கோட்டாலும் கற்பிக்கச் சொன்னதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

எண்கோட்டுக்குப் பள்ளி முற்றத்தைவிட நல்ல இடம் ஏது? எட்டு மீற்றர் கயிறு ஒன்று போதும்: ஒரு முனை பூச்சியம், மறுமுனை ஒன்று. பாதியாக மடித்து, மறுபடியும் இருமுறை மடித்து, மடிப்புகளில் துணித்துண்டு கட்டுங்கள் (முடிச்சுப் போட்டால் கயிறு குறுகிவிடும்). முக்காலில் ஒரு பிள்ளையும் எட்டில் ஐந்தில் ஒரு பிள்ளையும் நின்றால், யார் முன்னே என்பதற்குச் சூத்திரம் வேண்டாம். மூன்றாக மடிப்பது சிரமம். இழுத்து, விட்டு, திருத்தத்தான் வேண்டும். அந்தத் தடுமாற்றம் முடியும்போது, நாலு மூன்றைவிடப் பெரிது, ஆகவே கால் மூன்றிலொன்றைவிடப் பெரிது என்ற பிழை தானாகக் கழன்றுவிடும். இன்னொரு கயிற்றைத் தொடர்ந்து வைத்தால் நாலில் ஐந்துக்கும் இடமுண்டு. ஒற்றைக் கேக்கில் அது முடியாது.

வன்னிப் பிள்ளைக்கு இது அந்நியமும் அல்ல. இரணைமடுவில் நீர் குறைந்த ஆண்டில் சிறுபோகத்துக்கு வயலின் எவ்வளவு பங்குக்குத் தண்ணீர் என்ற பேச்சை வீட்டில் கேட்டு வளர்கிற பிள்ளை அது. ஐந்து மீற்றர்ச் சதுரம் ஒன்றைச் சுண்ணாம்பால் வரையுங்கள். அது ஏறத்தாழ ஒரு பேர்ச், ஏக்கரில் 160இல் ஒரு பங்கு. பழைய எண்சுவடியின் அரைக்காணியும் அதே 1/160 தான். தற்செயல் பொருத்தம்தான், என்றாலும் சொல்லிக் கொடுக்கலாம்.

வெய்யில், மாரி, மிதிவெடி என்று தடைகள் சொல்வீர்கள். 2009இல் போர் முடிந்த பிறகும் நெடுங்காலம் வெடி அகற்றிய மண்ணில் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நான் கேட்பது காட்டையோ குளக்கட்டையோ அல்ல. காலை முதற்பாடத்தில், வேம்பின் நிழலில், முற்றத்தின் ஒரு மூலை. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் வினாத்தாளில் கயிறு வராது என்ற ஆட்சேபம்தான் கனமானது. பகுதியெண் வேறான பின்னங்களைக் கூட்டும் முறை கயிற்றால் மட்டும் கைவராது. கொப்பியில் பயிற்சி வேண்டும், அதுவும் முற்றத்திலிருந்து திரும்பிய அன்றைக்கே. வெறும் விளையாட்டாக விட்டால் கயிறும் வீண்தான். ஆகவே கணக்கைத் தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள்: விடை கயிற்றுக்குள் நிற்குமா, தாண்டிப் போகுமா?