பெரியண்ணனும் சின்னண்ணனும்

சாம்பியன் ரீஃப்ஸ்,
கோலார் தங்கவயல்.

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

எபேசியர் நிருபத்தில் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் இடத்தை டொராண்டோவில் உங்கள் போதகர் பிரசங்கித்தபோது மனசு கொதித்தது என்றாய். "நம்ம ஜனம் கீழ்ப்படிஞ்சது போதாதா, பெரியப்பா?" என்று கேட்டாய். போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கோபம் நியாயமானது. அது இந்த மண்ணிலிருந்தே உனக்கு வந்திருக்கிறது. வட ஆற்காட்டுக் கிராமங்களில் பண்ணையாருக்குக் கைகட்டி நின்றவர்கள்தான் நம் முன்னோர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியபின், ரொக்கக் கூலி கிடைக்கும், ஊர்ச் சாதிக்காரன் கண்ணில் படாமல் வாழலாம் என்றுதான் ரயிலேறி வந்தார்கள். வந்த இடத்தில் பண்ணையாருக்குப் பதில் துரை. துரைமாருக்குப் பங்களாவும் கிளப்பும். நம்மவர்களுக்குத் தொழிலாளர் லைனில் தட்டி வீடு. ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் உடம்பைத் தடவிச் சோதனை. 1930-ல் எல்லாரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, 'நாங்கள் குற்றவாளிகளா?' என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். மாரிகுப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த சங்கக் கிளை வேரூன்றியதும் இதே தன்மானத்தால்தான். அவர்கள் வேறு வழியில் போனார்கள். ஆனால் அவர்களுடைய கேள்வி நம்முடையதும்தான்.

ஆகவே நெஞ்சறிய ஒன்று சொல்கிறேன். துரைக்கும் மேஸ்திரிக்கும் பயந்து குனிந்ததைத் தாழ்மை என்று எந்தப் பிரசங்கியார் சொன்னாலும் அதை ஏற்காதே. வேறு வழியில்லாதவன் குனிவதில் கிறிஸ்துவின் சாயல் எதுவுமில்லை. போதகராகவும் ஆண்டவராகவும் இருந்தவர் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவினார். நிமிர்ந்து நிற்க உரிமையும் பலமும் உள்ளவர் தாமாகக் குனிந்தார். பவுல் 'ஒருவருக்கொருவர்' என்று எழுதியதை நம் சபைகள் பாதி மட்டுமே வாசித்திருக்கின்றன. கீழே இருப்பவனுக்கு மட்டும் அதை ஓதினால் அது சுவிசேஷம் ஆகாது.

முழுவதுமாக வாசித்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். பங்காருப்பேட்டை போய் ஜோலார்பேட்டை வழியாகப் போனால் திருப்பத்தூர். அங்கே 1921-ல் இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் நம் தமிழர், சவரிராயன் ஏசுதாசன், பிரிட்டனில் மருத்துவம் படித்தவர். மற்றவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பத்துப் பிள்ளை.

அந்தக் காலத்தை நினைத்துப் பார். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர் வேதநாயகம் அசரியா எழுந்து, மிஷனரிகள் தியாகம் செய்கிறார்கள், தானம் தருகிறார்கள், ஆனால் எங்களை நண்பராக நடத்துவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். அங்கிருந்த பலருக்கு அது கசந்தது. வெள்ளைக்கார மிஷனரி மேலே, இந்திய ஊழியர் கீழே என்பதே அன்றைய மிஷன் ஒழுங்கு.

திருப்பத்தூரில் அது தலைகீழானது. ஆசிரமத்தில் ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். ஊரும் அப்படியே கூப்பிட்டது. ஆசிரமத்துக்குப் பெரும்பாலும் பேட்டனின் குடும்பப் பணம்தான் ஆதாரம். அவர் நினைத்திருந்தால் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். அவர் தம்பியின் இடத்தை எடுத்துக்கொண்டார். வயதில் மூத்த, ஆனால் ஆளப்பட்ட தேசத்தைச் சேர்ந்த ஒருவரை அண்ணனாக வைத்தார். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார்கள், எளிய சாப்பாடு சாப்பிட்டார்கள், கிராமத்து ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஜெபாலயத்தைக்கூட நம் கோயில்களின் சாயலில்தான் கட்டினார்கள்.

பெரியண்ணனின் பக்கத்தையும் பார்க்க வேண்டும் மகளே. பணத்துக்குச் சொந்தக்காரன் தம்பியாக நிற்கும்போது, கூச்சப்படாமல், கடன்பட்டவனைப் போல் குழையாமல் அண்ணனாக இருப்பதற்கும் தாழ்மை வேண்டும். கொடுக்கிறவனுக்குத் தாழ்மை கஷ்டம். பெற்றுக்கொள்கிறவனுக்கு, அதுவும் காலங்காலமாக அவமானப்பட்ட ஜனத்தில் பிறந்தவனுக்கு, அதைவிடக் கஷ்டம் என்றே நினைக்கிறேன்.

இப்படித் தம்பியாகப் பணிந்தவர் கோழையா என்றால், 1932-ல் நடந்ததைக் கேள். சட்டமறுப்புக் காலம். அந்நியத் துணி மறியல் நடந்த சென்னைத் தெருவில் கதர் உடுத்தி நின்ற சின்னண்ணனைப் போலீஸ் லத்தியால் அடித்து, சாயத் தண்ணீரைப் பீய்ச்சியது. லண்டன் பாராளுமன்றத்தில் அதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. தமிழ் அண்ணனுக்குத் தம்பியாக இருந்தவர், தன் சொந்த நாட்டு அதிகாரத்தின் கோபத்துக்குப் பயந்து கதரைக் கழற்றவில்லை.

தாமாகக் குனிகிற அந்தக் குணம் நம் லைன்களிலும் இருந்தது. மூவாயிரம் மீட்டருக்கும் கீழே பாறை வெடித்துச் சரிந்தால், உள்ளே சிக்கியவன் எந்தச் சபை, எந்தச் சாதி என்று கேட்டுக்கொண்டா இறங்கினார்கள்? அதற்கு எந்தத் துரையும் உத்தரவு போட வேண்டியிருக்கவில்லை. 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அப்படி இறங்கினவர்களில் சிலர் இன்னும் நம் தெருவில் இருக்கிறார்கள்.

அடுத்த முறை உங்கள் போதகர் அந்த வசனத்தை எடுத்தால், ஆராதனை முடிந்ததும் அவரிடமே போய், "ஐயா, இந்தச் சபையில் யார் யாருக்குக் கீழ்ப்படிகிறார்கள்?" என்று மரியாதையாகக் கேள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

உன் பெரியப்பா