உப்பு எங்கே போகும்?

மருங்காபுரி வட்டாரத்தில் கடலைக் கண்ணால் காணாமலேயே முதுமை எய்தியோர் இன்றும் உளர். இங்கிருந்து கடற்கரைக்கு நூறு கிலோமீட்டருக்குமேல் பயணம் செய்யவேண்டும். மானாவாரி நிலம், ஆண்டுக்காண்டு ஆழமாகும் குழாய்க் கிணறு, கோடையில் லாரியின் ஒலி கேட்டதும் தெருவில் வரிசை கட்டும் பிளாஸ்டிக் குடங்கள்: எம் மக்களின் நீர் வரலாறு இதற்குள் அடங்கும். இத்தகைய ஊரில் ஓர் இளைஞர் தம் வீட்டு முன்னறையில் 200 லிட்டர் கடலை அமைத்திருக்கிறார். துபாயில் ஒரு விடுதியின் கூடத்திலிருந்த பவளப்பாறைத் தொட்டியைப் பல ஆண்டுகள் பராமரித்துத் திரும்பியவர் அவர். வீடு மந்திரிக்கச் சென்ற நான் தொட்டியின் முன் நின்று, பார்ப்போர் அனைவரும் கேட்கும் கேள்வியையே கேட்டேன்.

"தம்பி, இந்தத் தண்ணீரை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவாய்?"

"வாரம் பத்தில் ஒரு பங்கு, சாமி. மாற்றுவது எளிது. எடுத்த உப்புத் தண்ணீரை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான் பெரும்பாடு."

அதன்பின் பலமுறை அவரோடு இதைப் பற்றி உரையாடியிருக்கிறேன். என் பங்கிற்குச் சிறிது படித்தும் இருக்கிறேன்.

மீன் உண்கிறது, கழிக்கிறது. கழிவிலிருந்தும், தின்னாது விட்ட இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. கல்லிலும் மணலிலும் குடியேறும் நுண்ணுயிர்களுள் ஒருவகை அதை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை நைட்ரைட்டை, நஞ்சு மிகக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இந்தக் கண்ணுக்குத் தெரியாத குடும்பங்கள் தொட்டியில் நிலைபெறவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் அவசரப்பட்டு மீனை விடுவோர் இறந்த மீனைத்தான் எடுப்பர். நைட்ரேட்டோ பெரும்பாலும் அங்கேயே தங்கிச் சேர்கிறது. பரந்த கடலில் அது கரைந்து பரவும், பாசிகள் உண்ணும். கண்ணாடிப் பெட்டிக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. ஆகவேதான் நீரை மாற்றுகிறோம்.

பவளம் வளரும் தொட்டியில் இன்னொரு காரணமும் உண்டு. பவள உயிர்கள் நீரிலுள்ள கால்சியத்தை எடுத்துத் தம் கூட்டைக் கட்டுகின்றன. லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவிலுள்ள அந்தச் சேமிப்பு குறையக் குறைய, புதுநீரே அதை ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் நம் இளைஞரின் தொட்டியில் பவளம் இல்லை. கல்பவளங்கள் அனைத்தும் 2001-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கிப் போனதற்குப் பவளக்கல்லை வெட்டி எடுத்ததும் ஒரு காரணம் என்று அறிந்தோர்க்கு அச்சட்டம் மிகையாகத் தோன்றாது. அவரிடம் இருந்தவை ஆறு சிறு மீன்களே. அவற்றுள் கோமாளி மீன்கள் இரண்டு. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் இவ்வின மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து காட்டியுள்ளதால், இவற்றுக்காகப் பாறையை அலசவேண்டிய கட்டாயம் இன்றில்லை.

நீர் ஆவியாகிக் குறைந்தால் உப்புநீர் ஊற்றலாகாது, நன்னீரே ஊற்றவேண்டும் என்பதை முதலில் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. சிந்தித்தால் எளிது. நீர் போகிறது, உப்பு போவதில்லை. அவ்வாறு ஊற்றி நிரப்புவதை நீர் மாற்றுவதாகக் கொள்ளலாகாது.

இனி ஒரு சிறு கணக்கு. வாரந்தோறும் லிட்டருக்கு 5 மில்லிகிராம் நைட்ரேட் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றிவந்தால் அளவு எங்கே போய் நிற்கும்? சுழியத்தில் அன்று, ஐம்பதில். அந்நிலையில் ஒவ்வொரு மாற்றமும் ஐந்தை நீக்குகிறது, ஒவ்வொரு வாரமும் ஐந்து சேர்கிறது. ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் இருபத்தைந்தில் நிற்கும். முழுவதையும் ஒரே நாளில் மாற்றினால் என்ன என்று கேட்கத் தோன்றும். வெப்பமும் உப்பும் திடீரென மாறினால் மீன் தாங்காது.

1871-இல் இலண்டன் கிறிஸ்டல் பேலஸ் மீன் காட்சியகத்தை அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு வேறு வழி கண்டார். காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தைக் கீழே இருளில் கட்டி, அதே நீரை மேலும் கீழும் சுற்றிவரச் செய்தார். உயிர்கள் சில, நீர் மிகுதி. நடு வீட்டில் அவ்வளவு நீருக்கு இடமேது?

மருங்காபுரிக்கு வருவோம். வாரம் 20 லிட்டர் என்றால் லிட்டருக்கு 35 கிராம் வீதம் 700 கிராம் உப்பு. அதைக் கரைக்க ஆர்.ஓ. இயந்திரம் 20 லிட்டர் தூயநீரைத் தரும்பொழுது சுமார் 60 லிட்டரைக் கழித்துத் தள்ளுகிறது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் 60 லிட்டர் என்பது நான்கு குடத்துக்குமேல். அவருடைய தாயார் அதைத் தரை கழுவவும் கழிவறைக்கும் பயன்படுத்துகிறார். எனினும் அண்டை வீட்டார் முணுமுணுத்தனர். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. எடுத்த பழைய நீரைத் தோட்டத்தில் கொட்டினாலோ ஆண்டுக்கு 36 கிலோ உப்பு மண்ணில் இறங்கும். மண்டபத்தில் இருப்பவர் கடலிலிருந்து முகந்து கடலுக்கே திருப்பலாம். இங்கே மண் அந்த உப்பை மறக்காது. உவர் பூத்த நிலத்தின் அருமை உழவரைக் கேட்டால் தெரியும்.

அவர் வாதிடவில்லை. நான்கு மீன்களைத் திருச்சியிலுள்ள நண்பரின் பெரிய தொட்டிக்கு அனுப்பிவிட்டார். கோமாளிகள் இரண்டு மட்டும் தங்கின. இரையும் மூன்றில் ஒரு பங்கானது. மீண்டும் கணக்கிட்டுப் பாருங்கள். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் பத்தில் ஒரு பங்கு மாற்றுகிறார். ஆயினும் அளவு ஐம்பதில் நில்லாது முப்பத்து மூன்று அளவில் நிற்கும். மாற்றம் பாதியானது, நீரோ முன்னிலும் நன்று. இப்பொழுது யாரேனும் என்னிடம் "எத்தனை நாளைக்கு ஒருமுறை?" என்று கேட்டால், "எத்தனை மீன்? எவ்வளவு இரை?" என்று திருப்பிக் கேட்கிறேன்.

பழைய நீரை மாடியில் அகலத் தட்டுகளில் ஊற்றி வைக்கிறார். எம் ஊர் வெயிலுக்கு உப்பளத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன! வற்றியதும் சுரண்டி எடுத்து, "உண்ணத் தகாதது" என்று எழுதிய சாக்கில் கட்டிவைக்கிறார். சென்ற செப்டம்பரில் எம் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்குப் புறப்பட்ட வண்டியின் பின்னிருக்கையில் அந்தச் சாக்கும் ஏறியிருந்தது. மூதாட்டி ஒருவர் அதன்மேல் கால்நீட்டி உறங்கியபடியே நாகை வரை வந்தார்.